கலகெதரையில் திறந்த கோப்பு

கண்டி மஹியாவையில் ஸுமைரா கால் வைக்காத கல்யாண வீடு கிடையாது. பதினான்கு வருடமாகக் கல்யாணம் பேசி வருகிறவள். அக்குறணைக்கும் கம்பளைக்கும் நடுவில் எந்த வீட்டுப் பெண் படிப்பை முடித்தாள், எந்த வீட்டுப் பையன் கட்டாரிலிருந்து திரும்பி வந்தான், வந்ததற்கு அவன் சொல்கிற காரணம் எது, உண்மையான காரணம் எது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வயது நாற்பத்தாறு. கணவர் மவுத்தாகி ஆறு வருடம். ஒரே மகளை மாத்தளையில் கட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக, யாருக்கும் பாரமில்லாமல், கொஞ்சம் சத்தமாகவே வாழ்ந்து வந்தாள்.

முன்பெல்லாம் எல்லாம் கொப்பிகளில்தான் இருந்தது. மாப்பிள்ளைகளுக்கு நீல உறை, பெண்களுக்குச் சிவப்பு உறை. போன வருடம் மகள் தன் பழைய லெப்டொப்பைக் கொண்டுவந்து கொடுத்து, "இந்தக் காலத்துல யாரும்மா கொப்பி தூக்கிட்டுப் போறது?" என்று சொல்லி, ஒரு படிவமும் செய்து தந்தாள். பெயர், வயது, உயரம், தொழில், எதிர்பார்ப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது.

"முதல்ல உங்கட விவரத்தையே போட்டு அடிச்சுப் பழகுங்க" என்று மகள் சொன்னாள்.

ஸுமைரா பழகினாள். அந்தக் கோப்புக்கு 'மாதிரி' என்று பெயர் வைத்தாள். யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில், ஊரார் விஷயத்தில் ஒருநாளும் எழுதாததைத் தன் விஷயத்தில் எழுதினாள்: உண்மையை. எழுதியதும் அது பிடித்துப் போயிற்று. தட்டச்சு நன்றாகப் பழகிய பிறகும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதைத் திறந்து, ஒரு வரியை எடுப்பாள், இன்னொன்றைப் போடுவாள், போட்டதைத் திரும்ப எடுப்பாள். சில பேர் பின்னேரத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அவளுக்கு இது.

வருடம் ஒன்று போவதற்குள் லெப்டொப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குடியேறிவிட்டார்கள். ஒரு படம் கேட்டால் பெண் வீட்டார் பதினாறு அனுப்புகிறவர்கள். அதில் ஒன்றில் பெண் இருப்பாள், மிச்சம் பதினைந்தில் நுவரெலியா பூங்கா இருக்கும். ஒருநாள் லெப்டொப் பாரம் தாங்காமல் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிட்டது. அதைத் துவாயில் சுற்றி, நோயாளியைக் கொண்டுபோவது போல, கொழும்பு வீதியில் மாடிக் கடை வைத்திருக்கும் ஷப்ராஸிடம் கொண்டுபோனாள்.

மறுநாள் போனபோது அது சொன்ன சொல் கேட்டுச் சட்டென்று திறந்தது. ஷப்ராஸ் நாற்பது வயதுக்காரன், பொறுமைசாலி. "இதுல எடமே ஈக்கல்ல தாத்தா" என்றான். அக்காவைத் தாத்தா என்று அழைக்கிற சமூகம் அது. "அதால எல்லாத்தையும் கிளவுட்டுக்கு அனுப்பிட்டு, இங்க உள்ளதைக் காலி பண்ணிட்டேன்."

"கிளவுட் எங்க ஈக்குது?"

"சிங்கப்பூர்லயா ஈக்கும். இல்லாட்டி அமெரிக்காவுல."

"கொமருப் புள்ளைகள்ட படத்தை எல்லாம் கேக்காமக் கொள்ளாம அமெரிக்காவுக்கா அனுப்பிட்டீங்க?"

"அது பத்திரமாத்தான் ஈக்கும் தாத்தா, பூட்டுப் போட்டு. உங்கட கண்ணுக்கு எல்லாப் பேரும் முந்தி மாதிரியே தெரியும். பாருங்க." அவன் திரையைக் காட்டினான். வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக நீல மேகம். "இந்த மேகம் ஈந்தா, பேர் மட்டும்தான் இங்க. ஆள் அங்க. நீங்க தொட்டதும் இன்டர்நெட்டால வந்து திறக்கும். ஒருக்கா திறந்துட்டா அது இங்கயே தங்கும், பச்சை அடையாளம் விழும். இன்டர்நெட் இல்லாத எடத்துக்குப் போறதா ஈந்தா, முந்தின நாளே தேவையான ஆளை வலது பக்கத்தால அமத்தி, 'எப்பவும் இந்தக் கம்பியூட்டர்ல வை' என்டு ஒன்டு ஈக்குது, அதைக் குடுத்துட்டுப் போங்க. வெளங்கினதா?"

"நல்லா வெளங்கினது" என்றாள் ஸுமைரா. டொக்டர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு, படி இறங்குவதற்குள் மறந்தும் போனாள். வீட்டில் வைஃபை இருந்தது. வழக்கம் போல 'மாதிரி'யைத் தொட்டாள், திறந்தது. அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை கலகெதரைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஹுஸைனின் மகள் றிப்தாவுக்கு வரன் பார்க்கிறார்கள். இருபத்தாறு வயது, பாடசாலையில் ஆசிரியை. கொழும்பிலிருந்து வந்த இரண்டு தரகர்களைத் திருப்பி அனுப்பிய வீடு என்று கேள்வி. ஸுமைரா, கோப்பைத் திறக்காமல் மனப்பாடத்திலிருந்தே, மூன்று மாப்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். முதல் ஆள், கட்டுகஸ்தோட்டையில் பார்மஸி நடத்தும் ஸைத், எப்படியும் பிடித்துப் போகும் என்பது அவள் கணக்கு.

குருநாகல் பஸ்ஸில் போய் இறங்கி, த்ரீவீலர் பிடித்து, வயல் ஓரமாகவும் பிறகு இரண்டு பாறைகளுக்கு இடையிலும் போனாள். வீடு ஒரு பள்ளத்தில் இருந்தது. பெரிய வீடு, குளிர்ந்த வீடு. ஹுஸைனின் மனைவி ஆஸிகா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கூடத்தில் ஹுஸைனும், அவருடைய நானா, அதாவது மூத்த சகோதரர், முனாஸும் இருந்தார்கள். முனாஸ் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், ஐம்பத்திரண்டு வயது, மனைவியை இழந்தவர், பக்கத்து வளவில் தனியாக இருப்பவர் என்று ஆஸிகா நாலே வசனத்தில் சொல்லி முடித்தாள். அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் திரும்பிப் போய்விட்டார்.

தேநீர் வந்தது, தொதல் வந்தது, பணியாரம் வந்தது. ஸுமைரா லெப்டொப்பைச் சின்ன மேசையில் வைத்து, திரையை வீட்டார் பக்கம் திருப்பி, தான் எதிர்க் கதிரையில் அமர்ந்தாள். அது அவளுடைய முறை. படம் அவர்கள் பக்கம், பேச்சு இவள் பக்கம். இவளுக்குத் திரை தேவையில்லை, எல்லாம் மனப்பாடம்.

"புள்ள, முதல்ல ஈக்குற பேரைத் தொடுங்க" என்றாள் றிப்தாவிடம். "ஸைத் என்டு ஈக்கும். இவர் கட்டுகஸ்தோட்டையில—"

"திறக்குதில்ல மாமி. இன்டர்நெட் இல்லயாம்."

"ரெண்டாவதைத் தொடுங்க."

"அதுவும் இல்ல."

மூன்றாவதும் இல்லை. ஸுமைரா கைபேசியை எடுத்துப் பார்த்தாள். ஒரு கோடு கூட இல்லை. படங்களை லெப்டொப்பில் ஏற்றியதும் கைபேசியிலிருந்து அழித்துவிடுவது அவள் வழக்கம், அதனால் அதிலும் ஒன்றும் கிடையாது.

"இந்தப் பள்ளத்துல சிக்னல் எடுக்காது தாத்தா" என்றார் ஹுஸைன் கொஞ்சம் பெருமையாக. "கரச்சல் இல்லாம ஈக்குறோம்."

ஷப்ராஸ் சொன்னது அப்போதுதான் ஸுமைராவின் ஞாபகத்துக்கு வந்தது. நீல மேகம். பேர் இங்கே, ஆள் அங்கே. மூன்று மாப்பிள்ளைகளும் சிங்கப்பூரில் பூட்டிய அறையில் இருக்க, அவள் கலகெதரையில் தொதலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"பரவாயில்ல, நான் வாயால செல்றேன்" என்று தொடங்கினாள். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அவனுடைய உத்தியோகத்தைக் கேட்க ஆஸிகா தயாராக இல்லை. அவள் மகளுக்குப் பக்கத்தில் குனிந்து திரையை ஆராய்ந்தாள்.

"எல்லாத்துலயும் மேகம் போட்டீக்குது. கீழ ஒன்டுக்கு மட்டும் பச்சை அடையாளம் ஈக்குது, பாருங்க மகள். மாதிரி என்டு."

"மாதிரி மாப்பிள்ளையா ஈக்கும்" என்றார் ஹுஸைன். "திறங்க, பாப்பம்."

ஸுமைரா எழுந்திருப்பதற்குள் றிப்தா அதைத் தொட்டுவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை திறக்கப்படுகிற அந்த ஒன்று, சிங்கப்பூரையும் அமெரிக்காவையும் கேட்காமல், உடனே திறந்து கொண்டது.

றிப்தா வகுப்பறைக் குரலில் வாசித்தாள். "பெயர்: பிறகு."

"அது என்ன பேரு?" என்றார் ஹுஸைன்.

"பிறகு போடுவாங்களாம் வாப்பா. வயது: நாற்பத்தாறு. கேட்டால் நாற்பத்துமூன்று என்று சொல்லலாம்."

ஹுஸைனின் முகம் சிவந்தது. "நாப்பத்தாறா? எங்கட புள்ளைக்கு இருபத்தாறு."

"உயரம்: ஐந்தடி ஓரங்குலம், செருப்போடு" என்று றிப்தா தொடர்ந்தாள். பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாத ஆசிரியை.

"அல்லாஹ்வே" என்று ஆஸிகா முணுமுணுத்தாள்.

"அது வேற கோப்பு புள்ள, மூடுங்க" என்றாள் ஸுமைரா. ஒரு கையில் சூடான கோப்பை, மறு கையில் பாதித் தொதல். எழும்பினால் தேநீர் தன் மேல், எழும்பாவிட்டால் மானம் கப்பலேறும். தேநீரை வைக்க மேசையில் இடம் தேடினாள். லெப்டொப்பும் பணியாரமும் அதைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன.

"தொழில்: அடுத்த வீட்டுக் காரியம். முந்திய திருமணம்: ஒன்று, இருபது வருடம். நல்ல மனிதர். அலுமாரியைத் திறந்தால் மூட மாட்டார். இப்போது எங்கள் வீட்டில் எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கிறது." றிப்தாவின் குரல் இங்கே கொஞ்சம் தாழ்ந்தது. "எதிர்பார்ப்பு: குறட்டை விட்டால் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறவர். தன் தேநீரைத் தானே ஊற்றத் தெரிந்தவர், எனக்கும் ஒன்று ஊற்றினால் நல்லது. செய்தி பார்க்கும்போது டீவியோடு சண்டைக்குப் போகாதவர். நான் ஒரு கதை சொல்லும்போது முடிவு என்ன என்று அவசரப்படாதவர். முடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடைப்புக்குறிக்குள், கொஞ்சம் இருந்தால் நல்லது."

பத்திரிகை மடிந்த சத்தம் கேட்டது. முனாஸ் அதைத் தொடையில் வைத்துக் கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் முடி இருந்தது.

"இது பொம்புளையோட விவரம்போல" என்றார்.

"ஓ" என்றாள் ஸுமைரா. "எங்கிட்ட வந்த ஒரு பொம்புள. மஹியாவைப் பக்கம். அது இதுக்குள்ள எப்பிடி வந்ததோ தெரியா."

"பச்சையா ஈந்ததால வந்தது மாமி" என்றாள் றிப்தா, ரொம்பவும் மரியாதையாக.

ஹுஸைனுக்கு மூச்சு வந்தது. மாப்பிள்ளை இல்லை என்றதும் அவருக்கு அந்தக் கோப்பின் மேல் இருந்த பகை முழுதும் போய், இன்னொரு தேநீர் ஊற்றச் சொன்னார். ஆஸிகா மட்டும் ஸுமைராவின் காலையே பார்த்துக் கொண்டிருந்தாள். உயரத்தைக் கணக்குப் போடுகிறாளோ என்று ஸுமைராவுக்குச் சந்தேகம். காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக் கொண்டாள்.

முனாஸ் எழும்பினார். "மேல தண்ணி டாங்கியடிக்குப் போனா மூணு கோடு எடுக்கும். இந்தக் காணியை நான்தான் அளந்தது. வாங்க." லெப்டொப்பை மூடாமல், கோப்பையிலிருந்து தண்ணீர் சிந்தாமல் கொண்டுபோகிறவர் போல, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டார்.

எல்லாரும் ஏறினார்கள். மிளகுக் கொடிகளுக்கு நடுவில் படி வெட்டிய பாதை. ஹுஸைன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். மேலே தண்ணீர் டாங்கியின் சீமெந்து மூடியில் லெப்டொப்பை வைத்து, இன்டர்நெட் கொடுக்க ஸுமைராவின் கைபேசியை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி, முனாஸ் ஆஸிகா கொண்டுவந்த குடையைப் பிடித்தார், வெயிலில் திரை தெரிய வேண்டும் என்று. நீல மேகத்தை றிப்தா தொட்டாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, எல்லாரும் நோன்பு திறக்கப் பாங்குக்குக் காத்திருப்பது போல நின்றார்கள். பிறகு ஸைத் திறந்தார். மூக்குக் கண்ணாடி, நீலச் சட்டை, படம் எடுப்பது பிடிக்காத முகம்.

றிப்தா நெடுநேரம் பார்த்தாள். "வலிந்து சிரிக்கல்ல" என்றாள். "அது நல்லம்."

மிச்சம் இரண்டு பேரைத் திறக்கும்படி யாரும் கேட்கவில்லை. தாயும் மகளும் பேசிக்கொண்டே கீழே இறங்க, ஸுமைரா லெப்டொப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக் கொண்டு, வழுக்குகிற படியில் பார்த்துப் பார்த்து இறங்கினாள். முனாஸ் இரண்டு படி பின்னால் வந்தார்.

"அந்தப் பொம்புள" என்றார் அவர். "கோபக்காரியா?"

பதினான்கு வருடத்தில் எந்தப் பெண்ணைப் பற்றி யார் இப்படிக் கேட்டாலும், தேனிலும் பாலிலும் குழைத்துத்தான் பதில் வரும். இப்போது அந்தத் தேன் வரவில்லை. "கொஞ்சம் ஈக்குது" என்றாள்.

"கொஞ்சம் என்டா?"

"வந்தா வரும். பத்து நிமிசத்துல போயிரும். ஆனா அந்தப் பத்து நிமிசம் வெளிய நிக்கிறது நல்லம்."

"எனக்கு வெளிய நின்டு பழக்கம்" என்றார் முனாஸ். "முப்பது வருசம் காட்டுலயும் வயல்லயும் நின்டு அளந்தவன்." பாதையில் தொங்கிய ஒரு மிளகுக் கொடியை ஒதுக்கிவிட்டார். "அந்தக் கோப்பை எனக்கு அனுப்ப ஏலுமா?"

"அவங்கட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேளுங்க. எனக்கு அவசரமில்ல."

பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பும்போது ஸுமைரா ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக் கொண்டாள். சங்கடத்தில் காது இரண்டும் எரிந்தன. ஒன்று மட்டும் ஆறுதல்: அது தானென்று யாருக்கும் தெரியாது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் அந்த ஆறுதலைப் பத்துத் தடவை சொல்லிக் கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸிகா தங்கள் வீட்டுக் கம்பித் தொலைபேசியில் வந்தாள். ஸைத் வீட்டாரைப் பெண் பார்க்க வரச் சொல்லலாம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மத்த விசயம் என்ன தாத்தா? அந்தப் பொம்புளட்டக் கேட்டீங்களா?"

"இன்னம் சந்திக்கக் கிடைக்கல்ல."

"கண்ணாடியில பாத்தாச் சந்திக்கலாமே" என்றாள் ஆஸிகா. "எனக்கு 'அடுத்த வீட்டுக் காரியம்' என்டதுமே வெளங்கிட்டுது. புள்ளைக்கு அதுக்கும் முந்தி. நானாவுக்கும் தெரியும். எங்கட வீட்டுக்காரருக்கு மட்டும்தான் இன்னம் தெரியா, அவருக்கு நாங்க செல்லல்ல."

ஸுமைரா தொலைபேசியை வைத்துவிட்டு, செய்ய ஒன்றும் தோன்றாமல், லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஷப்ராஸின் கடைக்குப் போனாள். அத்தனை பேரையும், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும், எப்போதும் உள்ளேயே வைக்கும்படி செய்து தரச் சொன்னாள். இனி எந்தப் பள்ளத்திலும் தான் பரிதவிக்கத் தயாராக இல்லை என்றாள்.

"ஏலாது தாத்தா, திரும்பவும் மூச்சு நிக்கும். அந்தந்தப் பயணத்துக்கு வேண்டியவங்களை மட்டும் வைக்கணும். வந்ததும் திருப்பி அனுப்பிறணும்." அவன் இந்தத் தடவை ஒரு காகிதத்தில் எழுதியே கொடுத்தான். பிறகு, "இந்த மாதிரி என்டதை என்ன செய்ய? காலி பண்ணவா?" என்று கேட்டான்.

"அதைத் தொடாதீங்க" என்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கீழே வீதியில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸிகாவிடம் இமெயில் முகவரி வாங்கி, கோப்பை முனாஸுக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் ஒரு வரியையும் திருத்தவில்லை. திருத்தப் போனாள், போய், வேண்டாம் என்று விட்டாள்.

பதில் ஒரு கிழமை கழித்துத் தபாலில் வந்தது. நில அளவைக்காரர்கள் பாவிக்கிற தடித்த காகிதத்தில், சிறிய சீரான எழுத்தில், அவருடைய விவரம் முழுதும் இருந்தது. குறட்டை உண்டு, மறைந்த மனைவி சாட்சி. தேநீர் இரண்டு கோப்பையாகவே ஊற்றிப் பழக்கம், ஒன்றை ஆறவிட்டுக் கொட்டுவதாகவும் எழுதியிருந்தார். பின்பக்கத்தில் வீட்டின் வரைபடம். வடக்கு அம்புக்குறி, அளவுத்திட்டம், கிணறு, சமையலறை, மழை பெய்தால் ஒழுகும் மூலை. ஒழுகும் மூலையைச் சிவப்பு மையால் குறித்திருந்தார்.

ஸுமைரா அதை நான்கு தடவை வாசித்தாள். வந்த விவரங்களில் பொய்யைப் பிரித்தெடுப்பது அவள் தொழில். நாலாவது தடவையும் ஒன்றும் அகப்படவில்லை. அது அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. உடனே தொலைபேசியை எடுத்து, காகிதத்தின் அடியில் அவர் எழுதியிருந்த வீட்டு எண்ணை அமத்தினாள்.

"ஒழுகுற மூலையை ஏன் காட்டினீங்க?" என்று கேட்டாள், ஸலாமுக்கு அடுத்தபடியாக.

"பொறகு தெரிஞ்சா ஏன் செல்லல்ல என்டு கேப்பீங்க" என்றார் முனாஸ். "பத்து நிமிசம் வெளிய நிக்க வரும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்க இருமினாள். அவர் இருமல் முடியும் வரை காத்திருந்துவிட்டு, உங்கள் மகளிடம் பேசாமல் மேலே ஒன்றும் பேசுவது சரியில்லை, மாத்தளைக்கு எப்போது வரலாம் என்று கேட்டார்.

அப்படியாக, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹுஸைனும் முனாஸும் ஆஸிகாவும் மாத்தளையில் ஸுமைராவின் மகள் வீட்டுக்குப் போனார்கள். ஹுஸைனுக்கு விஷயத்தைப் பஸ்ஸில்தான் சொல்லியிருந்தார்கள். அவர் இன்னும் அந்த அதிர்ச்சியிலேயே இருந்தார். மருமகன் எல்லாரையும் கூடத்தில் இருத்தினார். மகள் தாயை உள் அறையில் கொண்டுபோய் விட்டு, "இன்டைக்கு மட்டும் நீங்க பேசக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இருநூறு கல்யாணப் பேச்சுகளை நடத்தியவள் தன் பேச்சுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதவில் காதை வைத்துப் பார்த்தாள். கூடத்து மின்விசிறி கடகடவென்று ஓடியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள்? மருமகன் ஏதோ கேட்க, ஹுஸைன் நீளமாகப் பதில் சொல்கிறார். அவரைப் போய் யார் பேச விட்டது? இந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பேசவே கூடாது, பெண் வீட்டார் பேச வேண்டும், அதுவும் மெதுவாக. தேதியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதா, இல்லை இன்னும் மிளகு விலையிலேயே நிற்கிறார்களா? முனாஸின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. அவசரப்படாத மனிதர், சரி, ஆனால் இதற்கும் கூடவா?

கால் மணி நேரம் பொறுத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முக்காட்டைச் சரிசெய்து கொண்டு கதவைத் திறந்தாள்.

"பேசி முடிச்சிட்டீங்களா" என்று கேட்டாள், "இல்லாட்டி நான் வந்து பேசவா?"